நம்ம குரூப்புலதானே வந்தது

வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் ஸ்பாம் செய்திகளை வெறும் தொல்லை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. திருச்சியில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். மாவுப்பூச்சிக்கு என்ன தெளிக்கலாம், கத்தரியில் பூ ஏன் கொட்டுகிறது, யாரிடமாவது கொத்தவரை விதை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடும். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள், அதே செய்தி எங்கள் குழுவில் வந்தால் தொட்டுவிடுகிறார்கள். "நம்ம குரூப்புலதானே வந்தது, அதான் அழுத்தினேன்மா." இதைப் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஸ்பாம் போடுகிறவனுக்கு வேண்டியது இந்த நம்பிக்கைதான். தினமும் பேசிப் பேசி நாங்கள் சேர்த்துவைத்ததை அவன் ஓர் இரவில் எடுத்துச் செலவழித்துவிட்டுப் போகிறான். அட்மினுடைய முதல் வேலை அதைக் காப்பதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆடி பிறந்தால் எங்கள் குழு சூடுபிடிக்கும்; விதை விதைக்கிற காலம். மோசடிக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஓர் ஆடியில் வந்த செய்தி இப்படி இருந்தது: "தமிழக அரசின் இலவச மாடித்தோட்டக் கிட்! விதை, பை, உரம் அனைத்தும் வீடு தேடி வரும். இன்றே கடைசி நாள். கீழே உள்ள லிங்கில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் பதியவும். 10 குழுக்களுக்குப் பகிர்ந்தால் மட்டுமே உங்கள் பதிவு உறுதியாகும்." தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் கொடுத்திருப்பது உண்மை. எங்கள் உறுப்பினர்கள் சிலர் வாங்கியும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பொய் எடுபட்டது. முழுப்பொய்யை எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். பாதி உண்மை கலந்து வருவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

அந்தச் செய்தியைக் குழுவில் வைத்தே வரி வரியாகப் பிரித்துக் காட்டினேன், லிங்க்கை மட்டும் அழித்துவிட்டு. அரசுத் தளம் என்றால் முகவரி பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். இது வேறு எதிலோ முடிந்தது. விதைப் பைக்கு வங்கிக் கணக்கு எதற்கு? "இன்றே கடைசி" என்பது நம்மை யோசிக்க விடாமல் விரட்டுகிற வார்த்தை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கடைசி வரி. உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள நீங்கள் பத்துக் குழுக்களுக்குப் பகிர வேண்டும் என்று எந்த அரசாங்கமும் கேட்பதில்லை. "ஸ்பாம் வருகிறது, ஜாக்கிரதை" என்று பொதுவாக எழுதிய அறிவிப்புகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இந்த ஒரு செய்தியைப் பிரித்துக் காட்டியது மட்டும் எல்லோர் மனத்திலும் நின்றது. அதன்பிறகு அவர்களே கண்டுபிடித்து எனக்குத் தனியாக அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் பாதி வேலை வாசலிலேயே முடிந்துவிட வேண்டும். குழுவின் அழைப்பு லிங்க்கை ஃபேஸ்புக்கிலும் யூடியூப் காணொளிகளுக்குக் கீழேயும் ஒட்டினால் ஆள் சேரும்தான். யார் வேண்டுமானாலும் சேர்வார்கள். 2020 பிப்ரவரியில், பொதுவெளியில் போடப்பட்ட வாட்ஸ்அப் அழைப்பு லிங்க்குகள் கூகுளில் தேடினாலே கிடைக்கின்றன என்பது உலகம் முழுக்கச் செய்தியானது. அப்படி லிங்க்குகளைத் திரட்டி ஒவ்வொரு குழுவாக நுழைவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். எங்கள் ஏற்பாடு எளிது. லிங்க்கைப் பொதுவில் போடுவதில்லை. விதைத் திருவிழா மாதிரி எங்காவது க்யூஆர் கோடு ஒட்ட நேர்ந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் லிங்க்கை ரீசெட் செய்துவிடுவோம், பழையது செத்துவிடும். 2023 முதல் வாட்ஸ்அப்பில், புதிதாக வருகிறவரை அட்மின் ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே விடும் வசதி இருக்கிறது. அதை நிரந்தரமாக ஆன் செய்து வைத்திருக்கிறோம்.

ஏற்பதற்கு முன் இரண்டே கேள்வி கேட்போம்: "உங்கள் மாடியில் வெயில் எவ்வளவு நேரம் விழும்? இப்போது என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?" உண்மையான தோட்டக்காரரிடம் இதைக் கேட்டால் நிறுத்தவே மாட்டார். "காலைல பதினோரு மணி வரைக்கும் பக்கத்து வீட்டு நிழல் மேடம், அதுக்கப்புறம் நல்ல வெயில், வெண்டை வருது, தக்காளிதான் சுருளுது" என்று சொல்லிக்கொண்டே சுருண்ட இலையின் படத்தையும் அனுப்புவார். மற்றவர்களிடமிருந்து "ஹாய்" என்று வரும், அல்லது பதிலே வராது. உங்கள் குழு சமையலுக்கானதோ, போட்டித் தேர்வுக்கானதோ, ஊர்க்காரர்களுக்கானதோ, அந்த விஷயத்தில் புழங்குகிறவருக்கு மட்டும் சட்டென்று பதில் வரக்கூடிய ஒரு கேள்வி இருக்கும். அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிபியில் பூப்படம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி, கேள்விக்கும் பதில் இல்லை என்று ஒரு எண் வந்தது. மறுக்கத்தான் தோன்றியது. ஃபோன் செய்து பார்த்தால், லால்குடிப் பக்கம் ஓர் அம்மா, மகன் விட்டுப்போன பழைய ஃபோனை வைத்துக்கொண்டு டைப் அடிக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இன்று எங்கள் குழுவில் நாட்டுவிதை கேட்டால் முதலில் வருவது அவருடைய வாய்ஸ் மெசேஜ்தான். சந்தேகம் வந்தால் ஒரு ஃபோன் செய்துவிடுவது நல்லது.

செய்தியே போடாமல் உள்ளே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சேர்ந்துவிட்டால் மற்ற எல்லோருடைய எண்ணும் அவருக்குத் தெரியும். சிலர் வருவதே எண்களை எடுத்துக்கொண்டு போவதற்குத்தான். குழுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். தனித்தனியாகப் பங்குச்சந்தை டிப்ஸ், யூடியூப் காணொளிக்கு லைக் போட்டால் பணம் என்று அனுப்புவார்கள். அட்மினுக்கு இது தெரியவே வராது, உறுப்பினர்கள் சொன்னால் தவிர. அதனால் குழு விளக்கத்தின் முதல் வரியாக இதை எழுதி வைத்திருக்கிறோம்: "இந்தக் குழுவில் உங்கள் எண்ணைப் பார்த்தேன் என்று சொல்லி யாராவது தனியாகத் தொடர்புகொண்டால், உடனே அட்மினிடம் சொல்லுங்கள்." ஒரே எண்ணைப் பற்றி இரண்டு பேர் சொல்லிவிட்டால் அந்த எண் வெளியே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு உள்ளே வரும். அப்போது நடப்பதைக் கவனித்தால், ஸ்பாமை விட அதற்கு வரும் பதில்கள்தான் அதிக இடத்தை அடைக்கும். "யார் இது?", "அட்மின் தூக்குங்க", "என்ன அநியாயம்" என்று ஐம்பது செய்தி. காலையில் எழுந்து வருகிறவர் அந்த ஐம்பதையும் ஏறிப்போய் மூலச் செய்தியைத் தேடிப் படிப்பார். இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்க உதவுவதாக யூஸ்நெட் என்ற அன்றைய இணைய விவாத வலையமைப்பின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். அதைக் கண்டித்துக் குவிந்த மடல்களின் பாரம் தாங்காமல், அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினிகளே நின்றுபோயின. அந்தத் தம்பதியோ விளம்பரத்தால் லாபம்தான் என்று சொல்லி, இணையத்தில் சம்பாதிப்பது எப்படி என்று புத்தகமும் எழுதினார்கள். கோபமான பதிலால் ஸ்பாம் போட்டவன் எதையும் இழப்பதில்லை.

அதனால் இப்போது எங்கள் குழுவில் ஸ்பாம் வந்தால் யாரும் குழுவில் பேசுவதில்லை. அட்மினுக்கு ஃபோன் வரும். முதலில் எண் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு எல்லோருக்குமாக அழித்தல்; அட்மினுக்கு இந்த அதிகாரம் 2022 முதல் இருக்கிறது. அடுத்து ஆளை ரிப்போர்ட் செய்து நீக்குவது. முடிந்ததும் ஒரே வரி அறிவிப்பு: "இரவு வந்த வேலைவாய்ப்பு லிங்க் மோசடி. யாராவது திறந்திருந்தால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், எந்நேரமானாலும்." குழுவிலிருந்து அழித்தாலும், தானாக டவுன்லோடு ஆன கோப்பு சிலருடைய ஃபோனில் கிடக்கக்கூடும் என்பதால் அந்தக் கடைசி வாக்கியம் அவசியம். ஸ்பாம் பெரும்பாலும் அட்மின்கள் தூங்கும் நேரத்தில்தான் வருகிறது. எங்கள் அட்மின்களில் ஒருவர் திருச்சியில் பிறந்து டொரான்டோவில் இருப்பவர். இங்கே நள்ளிரவு அவருக்குப் பிற்பகல். அதற்காக அட்மின்களை அடுக்கிக்கொண்டே போகக்கூடாது. ஓர் அட்மினின் கணக்கு திருடு போனால் குழுவே போய்விடும். எனவே, இருபடிச் சரிபார்ப்பு என்கிற ஆறு இலக்கப் பின்னைப் போடாதவரை நாங்கள் அட்மின் ஆக்குவதில்லை.

தெரியாத எண்ணைச் சமாளித்துவிடலாம். தெரிந்தவர் பெயரிலேயே வரும்போதுதான் கஷ்டம். எங்கள் குழுவில் எல்லோரும் "டீச்சரம்மா" என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மாலை அவர் எண்ணிலிருந்து "திருமண அழைப்பிதழ், அவசியம் வரவும்" என்று ஒரு கோப்பு வந்தது. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்திருந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்பது ஃபோனில் நிறுவுகிற செயலி. உடனே கோப்பை அழித்து, அவர் எண்ணையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டு ஃபோன் செய்தேன். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்பது ஆபத்து. பதில் சொல்வது யார் என்று தெரியாது.

"டீச்சரம்மா, சாயந்திரம் ஏதாவது பத்திரிகை வந்துச்சா உங்களுக்கு?"

"ஆமாம்மா, எங்க நாத்தனார் பேருல வந்துச்சு. தொறந்தேன், என்னமோ பெர்மிஷன் கேட்டுச்சு, குடுத்தேன். பத்திரிகையே வரல. சரின்னு விட்டுட்டேன்."

அந்தச் செயலி கேட்டது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி. அது கிடைத்தால் வங்கி அனுப்பும் ஓடிபி நேராகத் திருடனுக்குப் போகும். ஃபோனை ஃபிளைட் மோடில் போடச் சொல்லி, பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்க வைத்தோம். பிறகு அந்தச் செயலியை நீக்கி, வாட்ஸ்அப்பில் மறுபடி தன் எண்ணைப் பதிந்து, லிங்க்ட் டிவைசஸில் இருந்தவற்றை வெளியேற்றி, அந்த ஆறு இலக்கப் பின்னையும் போட்டுக்கொண்டார். பணம் தப்பியது. இதில் நான் கற்றது, இப்படி ஆனவரை முதலில் குழுவிலிருந்து எடுக்க வேண்டும், அதில் தயக்கமே கூடாது. எடுத்த கையோடு "டீச்சரம்மா எண்ணை யாரோ பயன்படுத்துகிறார்கள், அவர் மேல் தவறில்லை, சரியானதும் திரும்ப வருவார்" என்று எழுதிவிட வேண்டும். மரியாதையோடு வாழ்ந்தவர்களுக்குப் பணத்தை விட அந்த ஒரு வரிதான் பெரிது.

நம் ஆட்களே அனுப்பும் ஃபார்வர்டுகளை நான் ஸ்பாமோடு சேர்ப்பதில்லை. ஆனால் அவற்றையும் கவனிக்க வேண்டும். இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்பு போட்ட எதுவும் எங்கள் குழுவில் கூடாது. நாற்று, உரம் விற்பவர்களுக்குச் சனிக்கிழமை ஒதுக்கியிருக்கிறோம். விலையும் ஊரும் எழுதி ஒரே ஒரு செய்தி. அந்த நாள் வந்தபிறகு மற்ற நாளில் விளம்பரம் போடுவது தானாகவே குறைந்தது. தினமும் விடியற்காலை சாமி படத்தோடு வணக்கம் அனுப்பும் பெரியவரிடம் தனியாகப் பேசினேன். "வீட்டுல பேச ஆளில்லம்மா, காலைல யாருக்காவது ஒரு வணக்கம் சொல்லணும்" என்றார். இப்போது காலை வணக்கத்துக்கென்றே ஒரு தனிக்குழு இருக்கிறது, அவர்தான் அட்மின். எல்லோர் முன்னாலும் அவரைக் கண்டித்திருந்தால் ஒரு நல்ல மனிதரை இழந்திருப்போம்.

"யாரோ எதையோ போட்டால் அட்மினைத்தான் பிடிப்பார்களாமே" என்று பயந்து பொறுப்பை உதறுகிறவர்கள் உண்டு. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. தெரிந்தே துணைபோனால் அது வேறு விஷயம். பயத்தினால் நல்ல ஆட்கள் விலகினால் குழு கவனிப்பாரற்றுப் போகும். ஸ்பாம் போடுகிறவர்கள் தேடுவதும் அப்படிப்பட்ட குழுக்களைத்தான்.

குழு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லிங்க்கை அழுத்திவிட்டேன் என்று யாராவது வந்து சொன்னால் "படிச்சவங்கதானே, இதுகூடவா தெரியாது" என்று கேட்காதீர்கள். ஒருமுறை அப்படிக் கேட்டால் அடுத்து ஏமாந்தவர் வாய் திறக்கமாட்டார். பணம் போயிருந்தால் நிமிஷங்கள் முக்கியம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. 1930 என்ற எண்ணை உங்கள் குழுவின் விளக்கத்தில் இன்றே எழுதி வையுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். பணம் போகவில்லை, முயற்சி மட்டும்தான் நடந்தது என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் மோசடிக்காரரின் எண்ணைப் பதியலாம். குழு விளக்கத்தில் 1930-க்குப் பக்கத்திலேயே உங்கள் எண்ணையும் போடுங்கள், இரவு எந்நேரமும் கூப்பிடலாம் என்று.