வைகறை வானில் வெள்ளியும் வியாழனும்

பாவை நோன்பிற்குத் தோழியரை எழுப்பப் புறப்பட்ட ஆண்டாள் நாச்சியார், பொழுது புலர்ந்தமைக்கு அடையாளங்கள் பல காட்டுகின்றாள். அவற்றுள் திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில் வருவது வானத்து அடையாளம். கீழ்வானில் வெள்ளி தோன்ற, மேல்வானில் வியாழன் மறைந்தது என்பது அதன் கருத்து. இதனைச் சான்றாகக் கொண்டே அறிஞர் மு. இராகவையங்கார், பாசுரம் குறிக்கும் ஆண்டு கி.பி. 731 எனக் கணித்தார்.

இக்காட்சி எந்நாளும் வாய்ப்பதன்று. வெள்ளி கதிரவனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆதலின் விடியலுக்கு முன் கிழக்கிலோ, அந்திக்குப் பின் மேற்கிலோதான் அது விளங்கும். ஏறத்தாழ 584 நாள்களுக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்பும். வியாழனோ வான்வீதியைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் கொள்ளும். இவ்விரண்டின் நடையும் மார்கழி முழுநிலவோடு பொருந்தும் ஆண்டுகள் சிலவே.

இவை எதிரெதிர்த் திசைகளில் நில்லாமல் ஒருங்கு கூடி நிற்பதும் உண்டு. 2022 ஏப்ரலில், அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளுக்குத் திருவிழா நிகழும் இராமநவமிக் காலத்தில், வியாழன், வெள்ளி, செவ்வாய், சனி ஆகிய நான்கும் வைகறையில் கீழ்வானில் வரிசையாய் நின்றன. 2025 ஆகஸ்ட் 12 அன்று வெள்ளியும் வியாழனும் ஏறத்தாழ ஒரு பாகை இடைவெளியில் ஒளிர்ந்தன. அந்நெருக்கம் நம் கண்ணுக்குத் தோன்றுவதே. அன்று வெள்ளி இருந்த தொலைவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தொலைவில் வியாழன் இருந்தது.

இதனை உணராதார்க்குக் கோள்களின் கூட்டம் அச்சம் விளைக்கும். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது, உலகம் அழியும் என நாடெங்கும் பலர் கலங்கினர். கதிரவனும் அக்கூட்டத்தில் இருந்தமையால், அது வைகறையில் காணத்தக்க காட்சியாகவும் அமையவில்லை. அந்நாள்கள் கழிந்தன, உலகம் நிலைபெற்றது.

நாச்சியாரோ கோள்களைக் கண்டு அஞ்சினாளில்லை. நாள் நல்லதா, தீயதா என்று வினவவும் இல்லை. பொழுதாயிற்று, எழுந்திரு என்று தோழிக்கு உணர்த்தவே அவற்றைச் சுட்டினாள். எம்பெருமானைத் தஞ்சமாகப் பற்றியவர்க்கு வானம் பொழுது காட்டும் விளக்கேயாம்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து அன்பர்களே! வெள்ளி விடிவெள்ளியாய் விளங்கும் மார்கழியில், நீராடித் திருக்கோயிலுக்குப் புறப்படுமுன் குழந்தைகளுடன் கீழ்வானை நோக்குங்கள். மரம் மறைக்காத ஏரிக்கரை இதற்கு ஏற்றது. கரைவெட்டி ஏரிக்கரையாயின், அப்பாசுரம் கூறும் பறவைகளின் ஆரவாரமும் உடன் கேட்கும். விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பெரும்பாலும் நிலைத்த ஒளி தரும். அவற்றுள் ஒளி மிக்கது வெள்ளி. அதனைக் கண்டறிந்தபின் அப்பாசுரத்தைச் சேவியுங்கள்; நாச்சியாரின் குரல் நம் வாயிலில் நின்று அழைப்பதுபோல் கேட்கும்.