சொட்டு நின்றால் செடி வாடும்

சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினர் வீட்டு விறாந்தையிலோ தற்காலிகக் கொட்டிலிலோ வாழும் நம்மிற் பலர், தும்புத்தூள் நிரப்பிய பைகளில் மிளகாயும் தக்காளியும் வளர்க்கின்றோம். உயரத்தில் ஒரு வாளி, அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய், ஒவ்வொரு பைக்கும் ஒரு சொட்டுவாய், இவ்வளவுதான் தோட்டம். சொட்டு நின்றுபோனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

ஏன் உடனே கவனிக்க வேண்டும்?

தோட்டக் காணியில் இறைப்பு ஒரு நாள் பிந்தினாலும் செம்மண் பொறுத்துக்கொள்ளும். வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும். பையில் நிற்கும் செடிக்குத் தேடிப் போக இடமில்லை. பசளையும் நீரிலே கரைந்து வருவதால், சொட்டு நின்றால் தண்ணீரும் உணவும் சேர்ந்தே நின்றுவிடும். காய்க்கும் தக்காளிச் செடி ஒன்று வெயில் நாளில் 1 முதல் 2 லீற்றர் வரை குடிக்கும். நீர் தட்டுப்பட்டால் முதலில் பூ உதிரும். உதிர்ந்த ஒவ்வொரு பூவும் நமது கறிச்சட்டிக்கு வராமற் போன காய்.

முதலில் ஒரு கேள்வி

கண்ட இடமெல்லாம் ஊசியால் குத்த வேண்டாம். எத்தனை சொட்டுவாய்கள் நின்றுள்ளன என்று முதலில் பாருங்கள். விடையைப் பொறுத்து குற்றம் இருக்கும் இடம் தெரியவரும்.

1. எல்லாமே நின்றிருந்தால்

குற்றம் வாளியின் பக்கம். நீர் இருக்கிறதா, வடிதுணி அடைத்துள்ளதா, குழாய் மடிந்துள்ளதா என்று வரிசையாகப் பாருங்கள். குழாய் மேடாக வளைந்த இடத்தில் காற்று தங்கினாலும் நீர் நகராது. வளைவை நேராக்கி, குழாயின் கடைசி முனையைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள்.

2. கடைசிப் பைகளுக்கு மட்டும் குறைந்தால்

அழுத்தம் போதவில்லை, அல்லது வழியில் ஒழுக்கு உண்டு. வாளியின் அடி, பைகளுக்கு மேல் 1 மீற்றர் உயரத்திலாவது இருக்கட்டும். குழாய் மட்டமாகக் கிடக்கட்டும். ஒவ்வொரு சொட்டுவாயின் கீழும் ஒரே அளவான பேணியை வைத்து, 15 நிமிடம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைப் பேணி காட்டிவிடும்.

3. ஒன்றிரண்டு மட்டும் நின்றிருந்தால்

அந்தச் சொட்டுவாய்களே அடைத்துள்ளன. கழற்றி, உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

பச்சையாக வழுக்கினால் அது பாசி. வெளிச்சமும் பசளையும் சேரும் இடத்தில் பாசி வளரும். குழாயைக் கழுவி, வாளியைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றி மூடுங்கள். மூடிய வாளியில் நுளம்பும் முட்டையிடாது.

வெள்ளையாக இறுகியிருந்தால் அது சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே ஓடுதான் சொட்டுவாயிலும் படிகிறது. சொட்டுவாயை வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டு, நல்ல நீரில் அலசிப் பூட்டுங்கள். மாரி மழைநீரைச் சேர்த்து வைத்துப் பாவித்தால் இந்தத் தொல்லை குறையும்.

மணல்போலத் துகள் இருந்தால் அது கரையாத பசளை. பசளையை வேறொரு வாளியில் நன்றாகக் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடித்து ஊற்றுங்கள். பசளைகளைத் தனித்தனியாக வாங்கிக் கலப்பவர்கள், கல்சியம் நைத்திரேற்றைச் சல்பேற்று, பொசுபேற்றுப் பசளைகளுடன் செறிவான கரைசலாகச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வெண்படிவு உண்டாகிக் குழாயை அடைக்கும். செடிக்குப் போகவேண்டிய சத்தும் வீணாகும்.

4. சொட்டு விழுந்தும் செடி வாடினால்

பையின் அடித்துளைகளைப் பாருங்கள். அவை அடைத்திருந்தால் நீர் தேங்கி வேர் அழுகும். துளை சரியாக இருந்து, தும்புத்தூளின் மேல் வெள்ளைப் படையும் இலை ஓரத்தில் கருகலும் கண்டால், பையில் உப்புச் சேர்ந்துவிட்டது. பசளை கலவாத நல்ல நீரை அடித்துளையால் வழியும்வரை ஊற்றுங்கள். வாடுகிறதே என்று மேலும் பசளை இட்டால் செடி விரைவில் இறக்கும்.

வராமற் காக்கும் வழி

• வாளியின் அடியிலிருந்து 2 அங்குலம் மேலே குழாயைப் பொருத்துங்கள். கசடு கீழே தங்கிவிடும்.
• குழாயின் வாயில் மெல்லிய நைலோன் துணியைக் கட்டி, 2 நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள்.
• வாரம் ஒருமுறை கடைசி முனையைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.
• காலையில் ஒவ்வொரு சொட்டையும் பாருங்கள். பாடசாலைக்குப் போகுமுன் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இது.

அடைப்பைத் திறக்கும்வரை, அந்தப் பைக்குச் சிரட்டையால் நீர் ஊற்ற மறக்க வேண்டாம். குழாய் காத்திருக்கும், செடி காத்திருக்காது.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. நமது கிணற்று நீர் கேத்தலில் வெள்ளை ஓடு படியச் செய்கிறதா? அப்படியானால் மழைநீரை எதில் சேர்க்கலாம்?
2. நம்மிடையே எவருடைய தோட்டத்தில் கடைசிப் பைகள் வாடுகின்றன? பேணிகளுடன் சென்று சேர்ந்து அளந்து பார்ப்போமா?