படம் பிடிப்போம், பாடம் படிப்போம்
(தட்சிணசித்ரா சுற்றுலா செல்லும் குழுக்களுக்கு)



சுற்றுலா போனால் என்ன செய்கிறோம்? வாசலில் வரிசையாக நின்று ஒரு குரூப் போட்டோ. அதோடு சரி! இந்த முறை செல்போன் கேமராவால் ஒரு தொழிலையே கற்றுக்கொண்டு வரலாம்.

தட்சிணசித்ரா எங்கே இருக்கிறது?

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ளது. சென்னை கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டும் மியூசியம் அல்ல இது. வீடுகளே இங்கே காட்சிப் பொருள். இடிக்க இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளி மர வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று பலவும் உண்டு. குயவர், நெசவாளர் போன்ற கைவினைஞர்கள் அங்கேயே வேலை செய்து காட்டுகிறார்கள்.

எப்படிப் படம் எடுப்பது?

1. முதலில் கேளுங்கள். டிக்கெட் வாங்கும்போதே போட்டோ விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை செய்பவரிடம், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். நம்மைக் கேட்காமல் எடுத்தால் நமக்குப் பிடிக்குமா?

2. லென்ஸைத் துடையுங்கள். முந்தானையால் லேசாகத் துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும்.

3. வெளிச்சத்தைப் பாருங்கள். ஆளுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துவிடும். உச்சி வெயிலும் வேண்டாம். திண்ணை நிழலும் முற்றத்து ஓரமும் நல்ல இடம்.

4. ஒரு வேலைக்கு மூன்று படம். தூரத்திலிருந்து முழு வீடு. நடுவில் நின்று ஆளும் கருவியும். கிட்டத்தில் போய்க் கையும் விரலும். ஜூம் வேண்டாம், நாலடி முன்னால் போங்கள்.

5. குறிப்பு எழுதுங்கள். எந்த ஊர் வீடு, பொருளின் பெயர் என்ன, எதற்குப் பயன்பட்டது? பேர் தெரியாத படம், விலாசம் இல்லாத கடுதாசி மாதிரி.

"இதுல என்னக்கா இருக்கு? உரல், முறம், திண்ணை எல்லாம் எங்க பாட்டி வீட்ல இருந்ததுதானே!" என்று ஒரு தங்கை கேட்கலாம். அதுதான் விஷயம்! இருந்தது, இப்போது இருக்கிறதா? பாட்டி வீட்டை இடித்தபோது ஒரு படமாவது எடுத்தோமா? குதிர் செய்யத் தெரிந்த கிழவி ஊரில் இன்னும் ஒருவர் இருப்பார். அவர் கண்ணை மூடிவிட்டால் அந்த வித்தையும் அவரோடு போய்விடும். அதற்கு முன் அவர் கையைப் படம் பிடிப்பது நம் வேலை.

இதில் வருமானமும் உண்டு. நம் பனைஓலைக் கூடையை வாட்ஸ்அப்பில் பார்ப்பவர் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தைத்தான் நம்ப வேண்டும். கூடையை மட்டும் காட்டினால் பேரம் பேசுவார். ஓலை கிழிக்கும் கையையும், பின்னும் விரலையும் சேர்த்துக் காட்டுங்கள். கைவேலை என்பது விளங்கும், கூலியின் நியாயமும் புரியும். கூடைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்தால் அளவும் தெரிந்துவிடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

* நம் ஊரில் மறைந்துவரும் வீடு, கருவி, கைவேலை எவை?
* அவற்றைச் செய்யத் தெரிந்த பெரியவர்கள் யார் யார்?
* எந்த உறுப்பினர் எதைப் படம் எடுப்பது? எந்தத் தேதிக்குள்?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்குக் காத்திருக்க வேண்டாம், நம் தெருவிலேயே தொடங்கலாம்!