ஓடி விளையாடும் வயதுக்கு
ராசிங்காபுரம் போன்ற போடி வட்டாரச் சிற்றூர்களில், ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் தாய்மார் காலையிலேயே புறப்பட்டுவிடுவதால், பிள்ளையின் விளையாட்டு பாட்டியின் பொறுப்பிலும் அங்கன்வாடியிலுமே அமைகிறது. மூன்று, நான்கு வயதில் நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஆட்டமும் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. இதனை நாள் முழுதும் பிரித்துக்கொள்ளலாம். கைகால்களின் பெரிய தசைகளை இயக்கும் பெருந்தசைப் பயிற்சிக்கு, வாசலில் கரித்துண்டால் கோடு கிழித்து, அதைவிட்டு விலகாமல் நடக்கச் செய்தாலே உடற்சமநிலை வளரும். ஒற்றைக்காலில் நொண்டுவது பலருக்கு நான்கு வயதையொட்டியே கைகூடுவதால், அதற்குமுன் வற்புறுத்துதல் தகாது. விரல்களைப் பழக்கும் நுண்தசைப் பயிற்சிக்குப் புளியங்கொட்டை பொறுக்குவது மிக நல்லதே, ஆயினும் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. மூத்த பிள்ளை பொறுக்கும்போதும் பெரியவர் ஒருவர் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும்.