இயங்க மறுக்கும் நீரிறைக்கும் இயந்திரம்: ஒழுங்குமுறையாகக் குறை காணல்



விடியற்காலை. தோட்டக் கிணற்றடியில் உங்கள் தந்தையார் இறைப்பு இயந்திரத்தின் கயிற்றை இருபது தடவை இழுத்துவிட்டார். இயந்திரம் ஒரு தடவைகூட உறுமவில்லை. வெங்காயத்துக்கு நேற்றே இறைத்திருக்க வேண்டும். இனி என்ன செய்வார்? பிளக்கைக் கழற்றுவார், காபுரேற்றர்த் திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்புவார், மறுபடி இழுப்பார். தற்செயலாக இயந்திரம் இயங்கிவிட்டாலும் எதனால் இயங்கியது என்று அவருக்குத் தெரியாது. நாளை மறுநாள் அதே கதைதான்.

இப்பகுதியில் வினா வரும்போது மாணவர் பலர் செய்யும் தவறும் இதுவே. தீப்பொறிச் செருகி பழுது, எரிபொருள் இல்லை, வடிகட்டி அடைப்பு எனப் பெயர்களை அடுக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவர். எந்தச் சோதனையைச் செய்வீர், அதில் எதைக் காண்பீர், அதிலிருந்து எம்முடிவுக்கு வருவீர் என்னும் மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதினால்தான் விடை நிறைவு பெறும்.

நாற்றொழிற்பாட்டுப் பெற்றோல் இயந்திரத்தில் உறிஞ்சல், நெருக்கல், வலு, வெளியகற்றல் ஆகிய நான்கு அடிப்புகளும் சுழற்றித்தண்டு இரு முறை, அதாவது 720 பாகை, சுழலும்போது நிறைவு பெறுகின்றன என்பதை முன்னரே கற்றுள்ளீர்கள். இயந்திரம் தொடங்குவதற்கு மூன்று தேவைகள் உள. உருளையினுள் எரியக்கூடிய வளி எரிபொருட் கலவை இருத்தல் வேண்டும். அக்கலவை போதியளவு நெருக்கப்படல் வேண்டும். உரிய வேளையில் தீப்பொறி உண்டாதல் வேண்டும். தொடங்காத இயந்திரத்தில் இம்மூன்றில் ஒன்றேனும் இல்லை.

எதையும் கழற்றுமுன் கண்ணால் பாருங்கள். தாங்கியில் பெற்றோல் உண்டா? எரிபொருள் வால்வு திறந்துள்ளதா? ஆளி இயங்கு நிலையில் உள்ளதா? இயந்திரம் மட்டமாக நிற்கிறதா? கடைசி வினா சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பல இயந்திரங்களில் உராய்வுநீக்கி எண்ணெயின் மட்டம் குறைந்தால் தீப்பொறியைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. வரம்பின் சரிவில் சாய்ந்து நிற்கும் இயந்திரத்தில், எண்ணெய் போதியளவு இருந்தாலும், அவ்வமைப்பு தொழிற்பட்டுவிடும். அவ்வாறாயின் சாவி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இயந்திரத்தை நேராக வைத்தால் போதும்.

அடுத்ததாகத் தீப்பொறிச் செருகியைக் கழற்றுங்கள். ஒரே பார்வையில் இவ்வளவு தகவல் தரும் உறுப்பு வேறில்லை. பல தடவை இழுத்த பின்னரும் அதன் முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் உருளைக்கு வரவில்லை. பெற்றோலால் நனைந்திருந்தால் எரிபொருள் மிகையாக வந்துள்ளது அல்லது வந்த எரிபொருள் எரியவில்லை. கரும்புகைக்கரி படிந்திருந்தால் கலவையில் வளி குறைவு. வளி வடிகட்டியைப் பாருங்கள். எண்ணெய் பூசியது போலப் பளபளத்தால் முசல வளையங்களின் தேய்வைச் சந்தேகிக்கலாம். மின்வாய்களுக்கிடையிலான இடைவெளி பல சிறிய இயந்திரங்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

தீப்பொறியைச் சோதிக்குமுன் எரிபொருள் வால்வை மூடிச் சிந்திய பெற்றோலைத் துடைத்துவிடுங்கள். செருகியை அதன் வயர்த்தொப்பியில் பொருத்தி, உலோக உடலை இயந்திரத்தின் வெற்று உலோகத்தில் தொடவைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். செருகித் துவாரத்திலிருந்து தூரமாக வையுங்கள். அத்துவாரத்தினூடாகப் பெற்றோல் ஆவி வெளிவரும். காவலிடப்பட்ட இடுக்கியால் பிடியுங்கள், வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். நீலநிறமான வலிய பொறி தெரிந்தால் மின்பகுதி நன்று. பொறி இல்லாவிடின் புதிய செருகியொன்றைக் கொண்டு சோதனையை மீளச் செய்யுங்கள்.

புதிய செருகியிலும் பொறி இல்லையா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. கயிறு இழுத்துத் தொடக்கும் பெரும்பாலான இயந்திரங்களில் பற்றரி இல்லை. பறப்புச்சில்லில் பதித்த நிலைக்காந்தம் சுருளைக் கடக்கும்போது மின்காந்தத் தூண்டலால் முதற்சுருளில் மின்னோட்டம் உண்டாகிறது. அம்மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது துணைச்சுருளில் பல்லாயிரம் வோல்ற்று தூண்டப்படுகிறது. இயந்திரத்தை நிறுத்தும் ஆளி, வீட்டு மின்குமிழின் ஆளியைப் போன்றதன்று. நிறுத்தும்போது அது சுற்றைத் திறப்பதில்லை, மூடுகிறது. முதற்சுருளை இயந்திரத்தின் உடலுடன் இணைத்துவிடுகிறது. ஆகவே ஆளி வயரின் காவலி தேய்ந்து உலோகத்தில் பட்டால், ஆளி எந்நிலையில் இருந்தாலும் பொறி வராது. அந்த வயரைக் கழற்றியதும் பொறி வந்தால் குறை சுருளில் இல்லை. புதிய சுருள் வாங்கும் செலவு இதனால் மிஞ்சும்.

பொறி உண்டு, ஆனால் செருகி உலர்ந்துள்ளது எனில் எரிபொருட் பாதையைத் தாங்கியிலிருந்து காபுரேற்றர் நோக்கித் தொடருங்கள். குழாயைக் கழற்றி ஒரு போத்தலில் பிடித்தால் பெற்றோல் தடையின்றி ஓட வேண்டும். ஓட்டம் மெல்லக் குறைந்து நின்றுவிட்டால் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியிலுள்ள சிறு காற்றுத்துவாரம் அடைபட்டிருந்தால் தாங்கியினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைந்து எரிபொருள் இறங்காது. சில நிமிடம் இயங்கி நின்றுவிடும் இயந்திரத்தில் முதலில் நினைக்க வேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று. காபுரேற்றரின் அடிக்கிண்ணத்தில் நீர் தேங்கியிருத்தலும் உண்டு. நீர் பெற்றோலிலும் அடர்த்தி கூடியது, அதிற் கலக்காது. ஆகவே அடியில் தங்கும். மாரிகாலத்தில் மூடாமல் விட்ட இயந்திரத்தில் இதனை எதிர்பார்க்கலாம். மாதக்கணக்கில் தேங்கிய பெற்றோல் எளிதில் ஆவியாகும் கூறுகளை இழந்து, பிசினாகி, ஊசித்துளை போன்ற எரிபொருட் துவாரத்தை அடைத்துவிடும்.

செருகி நனைந்து, பொறியும் நன்றாக இருந்தால் இயந்திரம் எரிபொருளில் மூழ்கியுள்ளது. சோக்கை மூடியபடியே பலமுறை இழுப்பவர்களுக்கு இது நேர்கிறது. வால்வை மூடி, சோக்கைத் திறந்து, வேக நெம்பை முழுமையாக விட்டு, சில தடவை இழுத்து, உலர்த்திய செருகியை மீளப் பொருத்துக.

சோக் எதற்கு என்பதை மூத்தோரிடமிருந்தும் கற்கலாம். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அரிதாக இருந்தபோது இறைப்பு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலை விட்டுத் தொடக்கி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் இயங்கவிட்டனர். பெற்றோலின் பளிச்சீட்டு வெப்பநிலை அண்ணளவாக −43 பாகை செல்சியஸ். மண்ணெண்ணெயினுடையது 38 பாகைக்கு மேல். குளிர்ந்த உருளையில் மண்ணெண்ணெய் போதியளவு ஆவியாகாது. பெற்றோலிலும் குளிர் நிலையில் ஒரு பகுதியே ஆவியாவதால், சோக் மூலம் வளியைக் குறைத்து எரிபொருள் கூடிய கலவையை அனுப்புகிறோம். அன்று துளித்துளியாகப் பெற்றோலைச் சேமித்தவர்கள் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை.

நெருக்கல் சோதனை சுருக்கமானது. செருகியை இறுக்கிய பின்னும் கயிறு தடையின்றி இலகுவாக வந்தால் உருளை கசிகிறது. செருகித் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீள இழுங்கள். தடை கூடினால் முசல வளையங்கள் தேய்ந்துள்ளன. மாற்றமில்லையாயின் வால்வுகளில் கசிவு இருக்கலாம். அதற்குமேல் அது பணிமனை வேலை.

உயிர் சம்பந்தமான ஒன்று. கிணற்று நீர் கீழே போனதும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குவோர் உண்டு. வளிமண்டல அமுக்கம் கொள்கையளவில் 10.3 மீற்றருக்கு மேல் நீரை உயர்த்தாது. நடைமுறையில் 7 அல்லது 8 மீற்றரே. இறக்குவதற்கான காரணம் இதுவே. ஆனால் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. அது கிணற்றில் தேங்கும். குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிடப் பன்மடங்கு எளிதாகச் சேரும். கிணற்றில் மயங்கியவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் இறந்த சம்பவங்கள் எமது நாட்டில் நிகழ்ந்துள்ளன. இயங்காத இயந்திரத்தைக் கிணற்றுக்குள் வைத்துத் திருத்த முயல்வதும் கூடாது, ஏனெனில் திருத்தியதும் அது அங்கேயே இயங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. விளையாட்டு மைதானமொன்றில் ஓட்டிச் செல்லும் புல்வெட்டியின் சாவியைத் திருப்பியதும் "டிக்" என்னும் ஒலி மட்டும் கேட்கிறது. இயந்திரம் சுழலவில்லை. முதலில் எதைச் சோதிப்பீர்?

விடைக்குறிப்பு: இங்கு தொடக்கி மோட்டார் பற்றரியால் இயங்குகிறது. ஒலி கேட்பதால் சாவிச் சுற்றும் இருக்கை ஆளியும் பெரும்பாலும் சரி. 12 வோல்ற்றுப் பற்றரியின் ஏற்றத்தையும், முனைகளில் படிந்த உப்பையும், தளர்வையும் சோதிக்க வேண்டும். ஒலியே இல்லாவிடின் உருகி, இருக்கை ஆளி, தடுப்பு மிதியின் ஆளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; ஓட்டுநர் இருக்கையில் அமராவிட்டால் தொடங்காதவாறு அவை அமைக்கப்பட்டுள்ளன.

2. நீரிறைக்கும் இயந்திரம் நன்றாக இயங்குகிறது, நீர் வரவில்லை. இரு காரணங்கள் தருக.

விடைக்குறிப்பு: பம்பியினுள் தொடக்க நீர் ஊற்றப்படாமை, உறிஞ்சு குழாயின் மூட்டில் வளி கசிதல். அடிவால்வு மூடாமையையும் எழுதலாம். தீப்பொறிச் செருகி என்று எழுதினால் புள்ளி இல்லை, ஏனெனில் இயந்திரம் இயங்குவதாக வினாவிலேயே கூறப்பட்டுள்ளது.