பழைய நீராவி எஞ்சினும் அதன் நம்பர் பிளேட்டும்

ரயில் எஞ்சினுக்குத் தண்டவாளம் வேண்டும். தண்டவாளம் இல்லாமல் சாதாரணச் சாலையில் இரும்புச் சக்கரங்களோடு ஊர்ந்து சென்ற நீராவி எஞ்சின்களும் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஏராளம். அவற்றை டிராக்‌ஷன் எஞ்சின் என்பார்கள். கதிரடிக்கும் எந்திரத்தைச் சுழற்றவும் பாரம் இழுக்கவும் அவை பயன்பட்டன. சிறுவயதில் கரி தின்று புகை கக்கிய ரோடு ரோலரைப் பார்த்த அன்பர்கள், அதன் உடன்பிறப்பு என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இன்று அவற்றைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல், எஞ்சின் கிடைத்தும் நம்பர் பிளேட் கிடைக்காமல் போவது. இதில் எனக்கு அக்கறை வந்த காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு தகடுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, தயாரித்த கம்பெனியின் பித்தளைத் தகடு. லீட்ஸ் நகரின் ஃபவுலர், ராச்செஸ்டரின் ஏவ்லிங் போர்ட்டர், தெட்ஃபர்டின் பர்ரல் போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு தயாரிப்பு எண் கொடுத்தன. மற்றொன்று, அரசு கொடுத்த பதிவு எண்ணைத் தாங்கிய தகடு.

1908-ல் செய்த எஞ்சினில் 1921-ஆம் ஆண்டின் பதிவு எண் இருந்தால், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படத் தோன்றும். சந்தேகம் வேண்டாம். 1903-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 1904 ஜனவரி முதல் கார்களுக்குப் பதிவு எண் வந்தது. கனமான டிராக்‌ஷன் எஞ்சின்கள் அதில் சேரவில்லை. 1920-ஆம் ஆண்டின் சாலைச் சட்டம் வந்த பிறகே, 1921 முதல் அவையும் அந்த வரிசைக்குள் வந்தன. அதனால் பல பழைய எஞ்சின்கள் பிறந்து பல ஆண்டுகள் கழித்தே எண் பெற்றன. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து, பதிவு செய்த ஊரைக் காட்டும். லீட்ஸுக்கு 'யு', இப்ஸ்விச்சுக்கு 'டிஎக்ஸ்', நார்ஃபோக்குக்கு 'ஏஎச்'. செய்த ஊர் ஒன்றாகவும் பதிந்த ஊர் வேறாகவும் இருக்கலாம்.

இந்தப் பதிவேடுகள் உள்ளூர் மன்றங்களிடம் இருந்தன. 1970-களில் ஸ்வான்சீ நகரில் மத்திய அலுவலகம் ஏற்பட்டது. 1983-க்குள் அங்கே மாற்றிக்கொள்ளாத வண்டிகளின் எண்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. பழைய பதிவேடுகளில் பல அழிக்கப்பட்டன. சில ஆவணக் காப்பகங்களில் தப்பின. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களுக்கு இது பெரிய நஷ்டம்.

இழந்த எண்ணை மீட்க வழி உண்டு. 'வி765' என்ற விண்ணப்பத்தோடு, இந்த எண் இந்த எஞ்சினுக்கே உரியது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பழைய லாக் புக் இருந்தால் உத்தமம். அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்று அதைப் பார்த்துச் சான்று தரும். ஆதாரம் இல்லையென்றால், வண்டியின் வயதுக்கேற்ற வேறொரு எண்தான். மீட்ட எண்ணை இன்னொரு வண்டிக்கு மாற்றவும் முடியாது.

பித்தளைத் தகடு திருடு போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். எஞ்சினின் பாகங்களில் தயாரிப்பு எண் வெட்டப்பட்டிருப்பதுண்டு; பெயிண்டையும் கிரீஸையும் சுரண்டினால் தென்படலாம். அந்த எண்ணைக் கொண்டு கம்பெனியின் பழைய கணக்குகளைத் தேடலாம். ஃபவுலர், ரான்ஸம்ஸ் கம்பெனிகளின் ஆவணங்கள் ரெடிங் நகரின் கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதன் பிறகே வார்ப்புப் பட்டறை வேலை. இங்கே ஒரு நுணுக்கம். உருக்கிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவு சுருங்கும். பழைய தகட்டையே மணலில் பதித்து வார்த்தால், 300 மில்லிமீட்டர் தகடு நாலைந்து மில்லிமீட்டர் குறைந்துவிடும். தேர்ந்த ஆசாரி சுருக்கத்தைக் கணக்கிட்டுச் சற்றே பெரிய அச்சு செய்வார். அளவு குறைந்த தகட்டைக் கண்டால் அது நகல் என்று சந்தேகிக்கலாம்.

ஆக, தகட்டை எப்போது வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். அதற்கு உரிமை தரும் தாளை எந்தப் பட்டறையிலும் வார்க்க முடியாது.

நம் நாட்டிலும் 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கு விதிகள் வந்தன. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அவை பொருந்தும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய்.

இப்போது என் கதை. அப்பா ஓட்டிய 1960-களின் ஸ்கூட்டர் ஊரில் தம்பி வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. நம்பர் பிளேட்டை வெகு பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் ஆர்.சி. புத்தகத்தையோ, வீடு மாற்றிய அவசரத்தில் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவன் நானே! எண் இருக்கிறது, அது அப்பாவின் வண்டிக்கு உரியது என்று சொல்ல ஒரு தாள் இல்லை.

மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் நாம். அடுத்த முறை சாமான் கட்டும்போது, பழைய காகிதக் கட்டைப் பிரித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.