நட்ட செடியைக் காப்பதும் ஸதகாவே

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள நபிமொழியின் கருத்து இது. நடும் நிய்யத்துக்கே கூலி உண்டு. ஆனால் நட்ட அன்றே யாரும் அதிலிருந்து உண்பதில்லை. காய்க்கும் வரை அதைக் காக்க ஆள் வேண்டும். பொதுத் தோட்டத்தைக் காக்கும் அந்தத் தொண்டர்களைப் பற்றியதே இந்தப் பாடம்.

முடிந்ததைக் கொடுத்தவர்கள்

அடிமையாக இருந்த ஸல்மான் அல்ஃபார்ஸி (ரலி) அவர்களின் விடுதலைக்கு எஜமான் கேட்டது 300 பேரீச்சங்கன்றுகளும் 40 ஊக்கியாவும். “உங்கள் சகோதரருக்கு உதவுங்கள்” என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை அழைத்தார்கள். ஒருவர் 30 கன்று தந்தார், ஒருவர் 20, ஒருவர் 15, ஒருவர் 10. குழி தோண்டவும் தோழர்கள் கைகொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் கைகளாலேயே நட்டார்கள். ஒரு கன்றும் பட்டுப்போகவில்லை என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. 10 கன்று தந்தவரும் அந்தத் தோட்டத்தில் பங்காளிதான்.

நம் ஊரார் பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரில், 2005இல் தேசியப் பூங்கா வாரியம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று பல தோட்டங்களைக் குடியிருப்போரே பராமரிக்கிறார்கள். அனுபவமுள்ள தொண்டர்கள் புதிய குழுக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதனால் தோட்டம் ஒருவரை மட்டும் நம்பி நிற்பதில்லை.

காய் மலிந்த ஊரில் தோட்டம் எதற்கு?

கேரளாவுக்கே காய்கறி அனுப்பும் மார்க்கெட் ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. ஆனாலும் மருந்தடிக்காத கீரை, பெரியவர்கள் மாலையில் உட்கார ஒரு நிழல், பிள்ளைகள் மண்ணைத் தொட ஓர் இடம், எல்லாச் சமுதாயத்து அண்டை வீட்டாரும் சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நடைமுறையில் ஐந்து

1. அனுமதி: வக்ஃப் இடமானால் முத்தவல்லியிடமும் ஜமாஅத்திடமும், பொது இடமானால் நகராட்சியிடமும் முதலில் எழுத்தில் அனுமதி பெறுங்கள். விளைச்சல் யாருக்கு என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

2. முறை: ஆடியில் விதைக்க இருபது பேர் வருவார்கள்; சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர்கூட மிஞ்ச மாட்டார்கள். தோட்டங்கள் காய்வது இங்கேதான். குறைவானாலும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழியின் கருத்து. வீட்டுக்கு வாரம் ஒரு நாள், அஸருக்குப் பின் அரை மணி நேரம் போதும். வர முடியாதவர் மாற்று ஆளைச் சொல்லிவிட வேண்டும். நோன்பு மாதத்துக்குத் தனி முறை போடுங்கள்.

3. தண்ணீர்: நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் நீரில், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவில், ஒளுச் செய்தார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டுச் செய்கிறோம். சோப்பு கலக்காத ஒளு நீரை வாய்க்கால் வெட்டி முருங்கைக்கும் வாழைக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் புதினா, மல்லிக்கு நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். செடியின் அடியில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

4. உரம்: மார்க்கெட்டில் கழித்த இலை, அழுகல் காய் ஒரு பங்கு, காய்ந்த சருகு மூன்று பங்கு. ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை கிளறினால் சுமார் மூன்று மாதத்தில் மக்கிவிடும்.

5. அமானத்: பறித்ததை நோட்டில் எழுதுங்கள். ஒரு கட்டுக் கீரையானாலும் தொண்டர் தாமாக எடுத்துப்போகக் கூடாது. முதல் பங்கை விதவைகள், முதியோர் வீடுகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தால், யாருக்கும் மனத்தாங்கல் வராது.

குடும்பத்தோடு பேசுங்கள்

• நம் வீட்டில் தோட்டத்துக்கு எந்தக் கிழமை யார் போகலாம்?
• ஒரு வேளை ஒளுவுக்கு நாம் எத்தனை சொம்பு தண்ணீர் செலவழிக்கிறோம்? ஒருமுறை அளந்து பாருங்கள்.
• விதை எடுப்பதும் நாற்று விடுவதும் தெரிந்த பெரியவர்கள் நம் தெருவில் யார்? அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பலாமா?

நாம் நட்டதையும் காத்ததையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.